மாகாணி நிலம்

தென்காசியை ஒட்டி அமைந்துள்ள குத்துக்கல்வலசை என்னும் ஊரின் பெயரில் ஒன்றோடொன்று முரண்படும் இரு சொற்கள் இணைந்து நிற்கின்றன. குத்துக்கல் என்பது நட்டு நிறுத்திய கல். நின்ற இடம் விட்டு அசையாதது. வலசை என்பதோ இடம்பெயர்தல். பருவம் நோக்கிப் பறவைகள் பெயர்ந்து செல்வதை வலசை போதல் என்கிறோம். பகைவர் படைக்கு அஞ்சி ஊரார் குடியோடு பெயர்ந்து செல்வதற்கும் அதுவே பெயராக வழங்கியது. பெயர்ந்து வந்தோர் ஊன்றிய இடமும் நாளடைவில் வலசை எனப்பட்டது. செங்கோட்டைப் பக்கத்துக் கணக்கப்பிள்ளைவலசையும், இராமநாதபுரச் சீமையில் வலசை என முடியும் பல சிற்றூர்களும் இவ்வகையில் வைத்து எண்ணத்தக்கவை.

ஊன்றுதல் என்பது குடிசை போடுவதோடு முடிவதன்று. நெல்லுக்கு ஏரி வேண்டும், வாய்க்கால் வேண்டும், ஊராரின் இசைவு வேண்டும். அவை புதிதாய் வந்தவனுக்கு எளிதில் கிட்டுவன அல்ல. அவன் முதலில் செய்யக்கூடியது குடிசைக்குப் பின்னே நாலு பாத்தி கட்டி ஒரு கீரையும் ஒரு கொடியும் போடுவதே. கழுவிய நீர் போதும். அடுப்புச் சாம்பல் எருவாகும். அரசர் வரலாற்றிலும் போர் வரலாற்றிலும் இடம்பெறாத இந்தப் பாத்திக்கும் ஒரு வரலாறு உண்டு. அது பெரும்பாலும் பெண்களின் வரலாறாகவும் நிலமற்றோரின் வரலாறாகவும் இருத்தலினாலேயே எழுதப்படாமல் போயிற்று எனலாம்.

சங்க இலக்கியத்தில் மனையைச் சார்ந்த தோட்டத்திற்குப் படப்பை என்னும் அழகிய சொல் உண்டு. பட்டினப்பாலை சோழநாட்டுத் தோப்பு வளத்தைக் கூறும்போது தெங்கு, வாழை, கமுகு, மஞ்சள், மா, பனை, சேம்பு, இஞ்சி என அடுக்கிச் செல்கிறது. உயர்ந்த மரத்திலிருந்து மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு வரை ஒரே நிலத்தில் அடுக்கடுக்காய்ப் பயிர் செய்த முறையை அப்பட்டியல் காட்டுகிறது. அதே பத்துப்பாட்டினுள் சிறுபாணாற்றுப்படை வேறொரு காட்சியைத் தருகிறது. பசியால் மெலிந்த கிணைமகள் குப்பையில் தானாய் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பின்றி வேகவைத்து, பிறர் காண நாணிக் கதவடைத்துத் தன் சுற்றத்தோடு உண்கிறாள். வறுமைச் சித்திரம் என்றே உரையாசிரியர் வழி வந்த நாம் இதனைப் படித்து வந்திருக்கிறோம். நிலவுரிமை நோக்கிலும் இதனைப் படிக்க இடமுண்டு. படப்பை உடையவனுக்குச் சேம்பும் இஞ்சியும் உண்டு. அஃது இல்லாதவளுக்கு ஊர்ப் பொதுவான குப்பைமேடுதான் தோட்டம். அவள் நாணியது கீரைக்கு மட்டுமா, அது விளைந்த இடத்திற்குமா என்பது சிந்திக்கத்தக்கது.

கல்வெட்டுக்கு வருவோம். பொருநைக் கரையில் உள்ள அம்பாசமுத்திரத்துக் கோயிலில் 9-ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் வரகுண மகாராசனின் கல்வெட்டு ஒன்றுண்டு. இறைவனுக்கு நாள்தோறும் படைக்க வேண்டியவற்றை நுணுக்கமாகக் கணக்கிட்டு எழுதியது அது. அரிசி, பருப்பு, நெய், தயிர், வாழைப்பழம் என்பவற்றோடு காய்க்கறி, புளிங்கறி, புழுக்குக்கறி, பொரிக்கறி என்று கறியமுதின் வகைகளையும் அது பிரித்துரைக்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இந்தப் பட்டியலைத் தென்காசிப் பக்கத்து இல்லத்தரசி ஒருவரிடம் படித்துக் காட்டினால் அவருக்கு விளக்கம் தேவைப்படாது. புளி விட்டது, வேகவைத்தது, பொரித்தது என்று அவர் இன்றும் அவ்வாறே வகுக்கிறார். ஆனால் அவர் அஞ்சறைப் பெட்டியில் உள்ள மிளகாய் வற்றலுக்கு அக்கல்வெட்டில் இடமில்லை. மிளகாய் அப்போது கடல் கடந்து வந்திருக்கவில்லை.

கறி என்னும் சொல்லே முன்னாளில் மிளகைக் குறித்தது. மிளகிட்டுச் சமைத்தது கறியாயிற்று, பின்னர்ச் சமைப்பதற்குரிய காயும் கறியாயிற்று, இறைச்சியும் கறியாயிற்று. ஈழத்தமிழர் மரக்கறி என்று வேறுபடுத்துவர். மலையாளத்தார் பச்சக்கறி என்பர். மிளகின் உறைப்பையும் காயின் வடிவையும் கொண்டு வந்த புதுமைக்கு மிளகாய் என்று தமிழர் பெயரிட்ட திறம் வியக்கத்தக்கது. தென்னமெரிக்காவின் பூசணி இனம் போர்த்துக்கீசியர் வழி வந்தமையால் பரங்கிக்காய் ஆயிற்று. கோசு என்பது போர்த்துக்கீசியச் சொல்லின் திரிபு. நம் வேலியோரத்துச் சிறு பழமொன்றுக்கு வழங்கிய தக்காளி என்னும் பெயரைச் சிவந்த பெரிய அயற்பழம் பறித்துக்கொண்டது; பழையதற்கு மணத்தக்காளி என்னும் அடைமொழிப் பெயரே மிஞ்சிற்று. வந்தேறிகள் பெயரைப் பறித்துக்கொள்வது செடிகொடி உலகிலும் உண்டு போலும். இவையெல்லாம் வலசை வந்த காய்கள். ஐந்நூறு ஆண்டுகளுக்குள் பாத்தியில் ஊன்றி, இன்று இவையின்றிச் சமையல் இல்லை என்னும் நிலையை எய்திவிட்டன.

தென்காசி வட்டாரத்தின் காய்கறி வளத்திற்கு இயற்கை அமைத்துக் கொடுத்த காரணம் மேற்கே உள்ள கணவாய். ஆரியங்காவு வழியே ஆனி, ஆடி மாதங்களில் நுழையும் தென்மேல் காற்று குற்றாலத்தில் சாரலாகி, சிற்றாற்றில் நீராகி, சமவெளியில் ஈரக் காற்றாக வீசுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை குளங்களை நிரப்புகிறது. இரு மழைக்கும் இடைப்பட்ட நிலமாதலின், ஆடிப்பட்டத்தில் விதைத்ததற்குச் சாரலும், பின்னர்க் கிணறும் துணையாகின்றன. குளத்துப் பாசனம் பெற்ற வயல் நெல்லுக்குரியது. அதற்கு மேலே மேட்டில் உள்ள செம்மண்ணே தோட்டம். நெல்லைச் சீமையில் தோட்டம் என்றால் கிணறு உள்ள நிலம் என்பதே பொருள்.

அந்தக் கிணற்றிலிருந்து நீர் இறைக்கக் கமலை இருந்தது. இரண்டு மாடுகள் சரிவில் இறங்க, வடம் இழுபட, தோலால் ஆன கூனை மேலேறி நீரைக் கொட்டும். மாடு இல்லாதவர்க்கு ஏற்றம். அதன்மேல் நடந்து மிதித்தோர் சாலின் எண்ணிக்கை மறவாதிருக்கப் பாடியவையே ஏற்றப்பாட்டுகள். கவிஞர்கள் இலக்கணமாகக் கொள்ளும் எண்ணும் தாளமும் நீரிறைப்பில் ஒருவகைக் கணக்கேடாக இருந்தமை இவ்விடத்துக் குறிப்பிடத்தக்கது. ஒரு பகல் முழுதும் இறைத்தாலும் நனைவது சிறிதளவு நிலமே. எனவே மிளகாயும் கத்தரியும் சிறுகச் சிறுகவே பயிரிடப்பட்டன. 1944-இல் பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின், வரும் பத்தாண்டுகளில் மின்கம்பிகள் மேட்டு நிலங்களை எட்டின. கமலை ஓய்ந்தது, பம்புசெட்டு வந்தது. நிலத்தடி நீரும் அன்று தொட்டே இறங்கத் தலைப்பட்டது.

பாத்தி வேலையின் நுணுக்கம் புறத்தார் அறியாதது. கத்தரிக்கும் மிளகாய்க்கும் தக்காளிக்கும் நாற்றங்கால் வேண்டும். வெண்டைக்கும் சீனியவரைக்கும் நேரே விதை ஊன்றலாம். மடையைத் திறந்து ஒரு பாத்தி நிரம்பியதும் மண்வெட்டியால் ஒரு வெட்டு மண் எடுத்து அடைத்து அடுத்த பாத்திக்கு நீரைத் திருப்ப வேண்டும். சற்றே அயர்ந்தால் வரப்பு உடையும். வெண்டைக்காயை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் முற்றி நாராகும். பறித்தால் சுனை பட்டுக் கை அரிக்கும். கருக்கலில் பறித்து, பனி ஈரம் காயுமுன் சந்தையில் சேர்க்க வேண்டும். ஆண்கள் நீர் பாய்ச்சுவோராகவும் பெண்கள் களையெடுப்போராகவும் பறிப்போராகவும் இருப்பதே பொதுவழக்கு. பெட்டியில் சுமந்து தெருத்தெருவாய் விற்றவர்களும் பெண்களே. ஆயினும் பட்டாவில் அவர்கள் பெயர் அரிதாகவே காணப்பட்டது.

இவ்வட்டாரத்திற்கே சிறப்பான பயிர் ஒன்றைச் சொல்லாமல் விடுதல் முறையன்று. அது சிறுகிழங்கு. ஆவணி, புரட்டாசியில் கொடித்துண்டுகளை நட்டால் தைப்பொங்கலுக்குக் கிழங்கு தோண்டலாம். பொங்கற் படையலில் சேனை, பிடிகிழங்கு, பனங்கிழங்கு ஆகியவற்றோடு சிறுகிழங்கும் இடம்பெறாவிடில் நெல்லைச் சீமையில் பொங்கல் நிறைவுறாது. மண்ணைக் கழுவி, சாக்கில் இட்டுத் தேய்த்துத் தோல் நீக்கும் அவ்வேலையைச் செய்து பார்த்தவரே அதன் சுவைக்கு உரியவர். இது ஆப்பிரிக்காவில் தோன்றிய பயிர் என்பது தாவரவியலார் முடிபு. ஆக, பொங்கலின் பழமைக்குச் சான்று போல் இலையில் அமர்ந்திருப்பதும் வலசை வந்ததே. திருவனந்தபுரத்தில் 1963-இல் நிறுவப்பட்ட மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இதற்கும் புதிய வகை கண்டது. பெரிய வெங்காயத்தைப் பல்லாரி என்றும், சாம்பல் பூசணியைத் தடியங்காய் என்றும் வழங்கும் இவ்வட்டாரச் சொற்களும் தொகுக்கப்பட வேண்டியவை.

இனி, தோட்டம் என்னும் சொல்லுக்கு நேர்ந்த மாற்றம் ஒன்றைக் காணவேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கும்பினியார் குற்றாலத்தில் சாதிக்காய், கிராம்பு, இலவங்கம் முதலியவற்றை நட்டு வாசனைப் பயிர்த் தோட்டம் அமைத்தனர். குற்றாலத்தை அடுத்த காசிமேஜர்புரம் என்னும் ஊர்ப்பெயர் காசமேசர் என்னும் வெள்ளையர் பெயரின் தமிழாக்கம் என்பர். உண்பதற்கன்றி ஏற்றுமதிக்கென்றே பயிர் செய்யும் பெருந்தோட்டம் இவ்வாறு தமிழ்நிலத்தில் முகங்காட்டியது. பின்னர் இலங்கையில் காப்பியும் தேயிலையும், மலாயாவில் இரப்பரும் ஆயிரக்கணக்கான ஏக்கரில் எழுந்தபோது, அங்குச் சென்ற தமிழர் தாம் அறிந்த அதே சொல்லையே அவற்றுக்கும் இட்டனர். கிணற்றடிப் பாத்தியைக் குறித்த தோட்டம், லயன் வீடுகளும் பிரட்டுக்களமும் கங்காணியும் துரையும் கொண்ட ஓர் உலகத்தைக் குறிக்கலாயிற்று. தோட்டக்காடு என்னும் தொடர் அதன் கசப்பையும் சேர்த்துச் சொல்லும். நெல்லை, இராமநாதபுரம், மதுரை, திருச்சி, சேலம் எனப் பல மாவட்டத்தார் இவ்வாறு வலசை போயினர்.

அந்தப் பெருந்தோட்டத்தினுள் ஒரு சிறு தோட்டம் இருந்தது என்பதே இக்கட்டுரை சொல்ல வந்த செய்தி. மலாயாவில் 1920-களில் உருப்பெற்ற தொழிலாளர் சட்டம், தம்மைச் சார்ந்தோரை உடைய தொழிலாளி ஒவ்வொருவருக்கும் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் தோட்டம் போட ஒதுக்கப்பட வேண்டும் என விதித்தது. பதினாறில் ஒன்று என்னும் கூறு எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தில் பொதுநிலங்கள் வேலியிடப்பட்டு ஏழைகள் நிலமிழந்தபோது, காய்கறி விளைத்துக்கொள்ள அவர்களுக்குச் சிறு துண்டுகள் வாடகைக்கு வழங்கப்பட்டன. 1908-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வழக்கத்தை ஊராட்சி மன்றங்களின் கடமையாக்கியது. அங்கே ஒரு குடும்பத்துக்குரிய துண்டின் வழக்கமான அளவு பத்துப் பேர்ச். நூற்றறுபது பேர்ச் ஓர் ஏக்கர் ஆதலின், பத்துப் பேர்ச் என்பதும் பதினாறில் ஒரு பங்கு என்பதும் ஒன்றே. நம் கணக்கில் ஆறேகால் சென்ட்.

பதினாறில் ஒரு கூற்றிற்குத் தமிழ்ப் பின்னக் கணக்கில் மாகாணி என்று பெயர். மா என்பது இருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. இரண்டும் கூடினால் மாகாணி. காணி என்பது பின்னம் மட்டுமன்று. நிலமும் அதுவே, நிலத்தின் மீதுள்ள உரிமையும் அதுவே. காணியாட்சி என்னும் பழஞ்சொல்லை அறிஞர் அறிவர். தென்காசிக்கு அருகே கடையத்தில் 1918 முதல் 1920 வரை வாழ்ந்த பாரதியார், காணி நிலம் வேண்டும் எனப் பராசக்தியிடம் கேட்டது தமிழுலகம் அறிந்தது. மாளிகையும் கேணியும் தென்னையும் நிலவொளியும் குயிலோசையும் கேட்ட கவிஞர் ஒரு கத்தரிப் பாத்தியைக் கேட்க மறந்துவிட்டார் என்று குறை கூறினால் கவிஞர் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். கடல் கடந்து சென்ற தமிழனுக்குச் சட்டம் தந்ததோ காணி அன்று; மாகாணி.

அதுவும் ஏட்டில் இருந்த அளவுக்கு நிலத்தில் இருக்கவில்லை. விடியற்காலைப் பிரட்டு முதல் பால் எடுத்துச் சேர்க்கும் வரை உழைத்தவனுக்குப் பாத்தி வெட்ட ஓய்வு ஏது? ஒதுக்கிய நிலமும் எப்போதும் லயத்துக்கு அருகில் அமைவதில்லை. 1936-ஆம் ஆண்டின் இறுதியில் மலாயா சென்ற சீனிவாச சாஸ்திரியார் 1937-இல் அறிக்கை அளித்தார். 1938-இல் உதவி பெற்றுத் தொழிலாளர் மலாயா செல்வதையும், 1939-இல் இலங்கை செல்வதையும் இந்திய அரசு தடை செய்தது. மாகாணியின் உண்மையான மதிப்பு 1942-இல் வெளிப்பட்டது. சப்பானியர் மலாயாவைக் கைப்பற்றினர். அரிசி வரத்து நின்றது. சம்பளம் தந்த இரப்பர் மரம் சோறு தரவில்லை. லயத்தின் பின்னே ஊன்றிய மரவள்ளிக் குச்சியும் கீரையுமே உயிரைப் பிடித்து வைத்தன. ஆண்கள் பலர் சயாம் இரயில் பாதை வேலைக்குக் கொண்டு போகப்பட்டு மீளாத நிலையில் அந்தப் பாத்தியைக் காத்தவர் பெண்கள்.

அதே காலத்தில் தாயகத்திலும் பர்மா அரிசி நின்று போயிற்று. அதிக உணவு விளைவிக்கும் இயக்கத்தை அரசு தொடங்கியது. பங்கீட்டுக் கடைகள் திறக்கப்பட்டன. மேற்கே திருவிதாங்கூரில் 1880-களில் மன்னர் விசாகம் திருநாள் பரப்பிய மரவள்ளி அப்போது ஏழைகளின் சோறாக நின்றது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பகுதியாக இருந்தமையால், தென்காசிக்குச் சில கல் தொலைவிலேயே வேறோர் அரசின் விதியும் விலையும் நிலவின என்பதை இன்றைய இளைஞர் நம்ப மாட்டார்.

இலங்கையில் நிலை வேறு. அங்கே லயத்தைச் சுற்றிய பாத்தி உரிமையாக அன்றிச் சலுகையாகவே இருந்தது. துரை மனம் வைத்தால் உண்டு. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய பின் அச்சலுகைக்கும் பிடிமானம் இல்லாது போயிற்று. 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த உடன்பாட்டின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எண்ணி ஒதுக்கப்பட்டனர். மூன்று தலைமுறை மண்ணில் ஊன்றிய குடும்பங்கள் பாத்தியில் காய்த்தது காய்த்தபடி கிடக்கத் தலைமன்னார்க் கப்பலேறின. தங்கியவர்களை 1973, 1974-ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சம் வாட்டியது. பங்கீடு குறைய, தோட்டங்களில் சாவு பெருகியது. வடக்கே யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் அதே ஆண்டுகளில் நேர்மாறான காட்சி. இறக்குமதித் தடையால் மிளகாயும் வெங்காயமும் விலை உயர, தன் கிணறும் தன் காணியும் உடைய உழவன் தலை நிமிர்ந்தான். அங்கும் ஒரு திருநெல்வேலி உண்டு. அதன் சந்தையும் காய்கறிக்குப் பெயர் பெற்றதே. ஒரே தீவில், ஒரே மொழியினருள், பசித்தவரையும் செழித்தவரையும் பிரித்தது காணி.

தோட்டங்கள் அரசுடைமையான பின் 1977-இல் டெவன் தோட்டத்தை ஒட்டிய பகுதியில் 7,000 ஏக்கர் நிலத்தைப் பிரித்து வெளியாருக்கு வழங்க முயன்றபோது தொழிலாளர் எதிர்த்தெழுந்தனர். அவ்வாண்டு மே 11-இல் சிவனு லட்சுமணன் என்னும் தொழிலாளி துப்பாக்கிச் சூட்டில் உயிர் துறந்தார். மலையகம் அவரை இன்றும் நினைவுகூர்கிறது. பின்வந்த அரசுகள் தனி வீட்டுக்கென ஏழு பேர்ச் நிலம் என்று ஓர் அளவு வகுத்தன. வீடு எழுந்தபின் ஏழு பேர்ச்சில் பாத்திக்கு எவ்வளவு மிஞ்சும்? ஆங்கில ஏழைக்கும் மலாயாத் தொழிலாளிக்கும் வகுத்த மாகாணிக்கு அது மூன்று பேர்ச் குறைவு. இலண்டனில் குடியேறிய ஈழத்தமிழருள் சிலர் அதே பத்துப் பேர்ச் துண்டை நகராட்சியிடம் வாடகைக்குப் பெற்று, கோடையின் சில மாதங்களில் பூசணியும் கீரையும் விளைப்பது காலம் செய்த விந்தை.

தமிழகத்தில் 1955-இல் குத்தகையாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பிறர் நிலத்தில் குடியிருந்த உழவுத் தொழிலாளிக்கு அம்மனையையே உரிமையாக்கி 1971-இல் ஒரு சட்டம் வந்தது; அது வீட்டையும் வீட்டைச் சூழ்ந்த சிறு இடத்தையும் காத்தது. 2006-இல் நிலமற்றோருக்கு இரண்டு ஏக்கர் என்னும் திட்டம் தொடங்கிற்று. 1999 நவம்பர் 14-இல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டு, பின் பிற ஊர்களுக்கும் பரவியது. தராசு பிடிக்கும் உரிமை விளைவித்தவர் கைக்கு ஓரளவு வந்தது. ஆயினும் தென்காசி வட்டாரத்துக் காய்களில் பெரும்பகுதி செல்வது பாவூர்சத்திரம், ஆலங்குளம் சந்தைகளுக்கும், அங்கிருந்து புளியரை வழியாகக் கேரளத்துக்குமே. 1904 முதல் கணவாயைக் கடந்த இரயில் பாதை செய்த வேலையை இன்று லாரிகள் செய்கின்றன. ஓணம் வந்தால் விலை ஏறும். ஓணம் முடிந்த மறுவாரம் பறிகூலிக்கும் கட்டாத தக்காளி பாத்தியிலேயே அழுகும். குத்தகைக்கு எடுத்தவருக்கு அந்த மறுவாரமே ஆண்டின் கணக்கை எழுதிவிடுகிறது.

2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டமானது. தலைநகரை ஒட்டிய நிலத்தின் விலை ஏறாதிருக்குமா? சாலையோரச் செம்மண் தோட்டங்கள் மனைகளாக மாறி வருகின்றன. மனை விற்போர் நிலத்தை மட்டம் செய்து, வரப்பை அழித்து, கிணற்றை மூடி, மூலைக்கு மூலை வெள்ளை அடித்த கல்லை நடுகின்றனர். ஐந்து சென்ட், ஆறு சென்ட் என்பதே மனையின் வழக்கமான அளவு. மாகாணிக்கு ஒட்டிய அளவு. வாங்கியவர் வெளியூரில் இருப்பார். வீடு எழும்ப ஆண்டுகள் ஆகும். அந்த இடைவெளியில் பக்கத்துக் குடியிருப்புப் பெண்கள் ஆடியில் அவரையும் சுரையும் ஊன்றிவிடுகின்றனர். பந்தல் போட அவர்களுக்கு உரிமையில்லை. அதனால் கொடி அந்த எல்லைக் கல்லையே பற்றிக்கொண்டு ஏறுகிறது.